கம்பளியில் பிறந்த யானை

ஊடும் பாவுமாக நெய்யாமல், ஆட்டு ரோமத்தை வெந்நீரில் நனைத்து, இழைகள் ஒன்றையொன்று பற்றிப் பிரிக்க முடியாதபடி இறுகும்வரை அமுக்கிச் செய்யப்படும் ஃபெல்ட் என்னும் கம்பளித் துணியைக் கத்தரித்தால் ஓரம் பிசிறுவதில்லை. விரலளவே உள்ள காதையும் வாலையும் தைக்க உட்காருகிறவர்களுக்கு, ஓரம் மடித்தடிக்கும் சிரமம் இல்லாமற்போவது எவ்வளவு பெரிய அனுகூலம்!

அந்த அனுகூலத்தை உலகறியச் செய்தவர், ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் 1847-இல் பிறந்த மார்கரெட்டே ஸ்டைஃப் அம்மையார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு, நடக்க இயலாமற்போய், வலக்கையும் வலுவிழந்த அவர், தையல் இயந்திரத்தின் சக்கரம் இடக்கைக்கு எட்டும்படி இயந்திரத்தையே திருப்பி வைத்துத் தைத்தார் என்று அறியும்போது கைகூப்பவே தோன்றுகிறது. 1877-இல் ஃபெல்ட் உடைகளுக்குக் கடை வைத்த அவர், 1880-இல், பத்திரிகையொன்றில் வந்த மாதிரியைக் கொண்டு, குண்டூசி செருகிவைப்பதற்கென ஒரு சிறு யானையைத் தைத்தார்.

இவ்வகை யானைக்கு விலாப்புறத் துண்டுகள் இரண்டு. அவற்றினிடையே, கால்களின் உட்புறங்களோடு ஒன்றாய் வெட்டிய வயிற்றுத் துண்டு ஒன்று. இத்துண்டு இல்லையேல் யானை தட்டையாய்ச் சாய்ந்துவிடும். இருப்பதனாலேயே நான்கு கால்களும் அகன்று ஊன்றி, உடலுக்குத் திரட்சி உண்டாகிறது. அம்மையாரின் யானைக்குள் அடைத்திருந்ததும் ஆட்டு ரோமமே. மரத்திலும் பீங்கானிலும் செய்த பொம்மைகளோடு பழகிய குழந்தைகள், மெத்தென்ற அந்த யானையை விளையாட எடுத்துக்கொண்டார்கள். 1886-க்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகள் விற்றன. பிற்பாடு, 1902-இல், அவர் சகோதரரின் புதல்வர் ரிச்சர்ட், அங்கோரா ஆட்டின் ரோமத் துணியில் கைகால் அசையும் கரடியை உருவாக்கினார்.

விலங்குப் பொம்மைக்கு உடை தைப்பதோ, என் அபிப்பிராயத்தில், உடலைத் தைப்பதினும் நுட்பமான வேலை. தலை பெரிது, கழுத்தோ இல்லை. ஆகையால் தலைவழியே மாட்டும் சட்டை உதவாது. முன்புறம் முழுதும் திறந்த அங்கியாக வெட்டி, முன்னங்கால்களை நுழைத்தபின் பித்தான் இடவேண்டும். வால் வெளிவரப் பின்புறம் ஒரு பிளவும் வேண்டும். துணி தடித்தால் கைகள் விறைத்து நிற்கும். உடை பொருந்தினால் மட்டும் போதாது, பொம்மை நிமிர்ந்து நிற்கவும் வேண்டுமே! இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார், தம் கதையில் வரும் பீட்டர் முயலை 1903-இல் தாமே பொம்மையாகத் தைத்து உரிமை பதிவு செய்தபோது, அது நிமிர்ந்து நிற்பதற்காகப் பாதங்களுக்குள் ஈயக்குண்டுகளை வைத்துத் தைத்தார்.