கீரைக்கு அடங்காத மாலைக்கண்

மூலக்குளத்தில் என்னிடம் படிக்கும் பையன் ஒருவன், பகலில் வெகு சூட்டிகை. பொழுது சாய்ந்துவிட்டாலோ சுவரைத் தடவிக்கொண்டுதான் வீடு திரும்புவான். “மாலைக்கண்தான், அம்மா! முருங்கைக் கீரையும் பொன்னாங்கண்ணியும் விடாமல் சமைத்துப் போடுங்கள்” என்று அவன் தாயாரிடம் மிக உறுதியாகச் சொன்னேன். அந்த அம்மாள் ஓராண்டுக் காலம் தவறாமல் சமைத்துப் போட்டார். பையனுடைய பார்வையோ மேலும் குறுகிற்று. இது பரம்பரையாக வரும் விழித்திரை நோய் என்று கண் வைத்தியர் கண்டு சொன்ன பிறகுதான், என் அரைகுறை ஞானம் ஓராண்டை வீணாக்கியது எனக்குத் தெரிந்தது.

கீரை வைத்தியம் மூடத்தனமன்று. வைட்டமின் ‘ஏ’ சத்துக் குறைவினால் எத்தனையோ குழந்தைகள் கண்ணிழந்த தேசம் இது. அதனாலேயே 1970-ல் நமது சர்க்கார் அந்தச் சத்தை மருந்தாகக் குழந்தைகளுக்குப் புகட்டும் திட்டத்தை ஆரம்பித்தது. ஆனால், சத்து உடம்பில் சேர்ந்தால் மட்டும் போதாது. விழித்திரையை ஒட்டியுள்ள நுண்ணிய உயிரணுக்கள், ஒளியை உணர்வதற்கு உதவும் வடிவில் அதை மாற்றித் தரவேண்டும். இந்த வேலையைச் செய்யும் பொருளை உண்டாக்குவது ஆர்.பி.ஈ.65 என்னும் மரபணு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இதன் பழுதுபட்ட பிரதியே குழந்தைக்கு வந்துவிட்டால், கூடை கூடையாகக் கீரை தின்றும் பயனில்லை. குதிர் நிறைய நெல் இருந்தும் குத்திச் சமைக்க ஆளில்லாத வீட்டின் கதைதான்!

இதே பழுது, பிரியார் என்னும் ஒரு ஜாதி நாய்களிடமும் உண்டு. 1954 வரை நமது புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் தேசத்து ஆட்டு நாய் அது. அமெரிக்க விஞ்ஞானிகள், தீங்கு செய்யாத ஒரு வைரஸுக்குள் நல்ல மரபணுவை வைத்து, பிறவியிலேயே பார்வையற்ற இந்த நாய்க்குட்டிகளின் விழித்திரைக்கு அடியில் செலுத்தினார்கள். சிகிச்சை பெற்ற கண்ணின் பக்கம் இருந்த தடைகளை நாய்கள் விலகி நடந்தன. மற்றப் பக்கத்தில் மோதிக்கொண்டன! 2001-ல் வெளியான இச்செய்தி உலகையே வியக்க வைத்தது. அவற்றுள் லான்ஸ்லாட் என்ற நாய் அமெரிக்கக் காங்கிரஸ் வரை சென்று வந்தது.

2007-ல் மனிதருக்கும் சோதனை தொடங்கிற்று. 2017 டிசம்பரில் ‘லக்ஸ்டுர்னா’ என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை? இரண்டு கண்களுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்கும் மேல். நம்மில் யார் கொடுக்க முடியும்?

ஆகவேதான் நமது தேசத்து ஆராய்ச்சி நமக்கு உயிர்நாடியாகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஜெயந்தரன் ராவும் சுபம் மௌரியாவும் உருவாக்கி, விலங்குகளிடம் பலன் கண்ட ஒரு மரபணுச் சிகிச்சை முறை, மருந்தாக உருப்பெறுவதற்காக 2022-ல் ரிலையன்ஸ் லைஃப் சயன்ஸஸ் கம்பெனிக்கு அளிக்கப்பட்டது. கண்ணுக்கு அல்ல, இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய்க்கு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை செய்து பெற்ற நற்பலன் 2024-ல் வெளியாயிற்று. நம்மால் முடியாத காரியமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நிற்க. மருந்து வரும்வரை நாம் சும்மா இருக்கலாகாது. பரம்பரை விழித்திரை நோய்களுக்குக் காரணமான மரபணுக்கள் இருநூற்றைம்பதுக்கும் மேல். லக்ஸ்டுர்னா உதவுவது ஒன்றே ஒன்றுக்கு. அதுவும் விழித்திரையில் உயிருள்ள அணுக்கள் மிஞ்சியிருந்தால்தான். எனவே பழுது எதில் என்று காலத்தில் அறிவது முக்கியம். சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கின்றன.

‘சொந்தம் விட்டுப் போகக் கூடாது’ என்று அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது நம்மவர் வழக்கம். ஒரே பாட்டனிடமிருந்து வந்த பழுது இருவரிடமும் ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. யாரையும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்நோய் கண்ட குடும்பத்தார், அடுத்த முகூர்த்தம் குறிக்கும் முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

என் மாணவனுடைய பெற்றோரும் மாமனும் அக்காள் மகளுமே. அவன் இரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. “ஸார், இனிக் கீரை வேண்டாமா?” என்று அந்த அம்மாள் கேட்டார். “கீரையும் இருக்கட்டும், அம்மா, சின்னவளையும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்” என்றேன். அவன் தங்கைக்கு இப்போது வயது மூன்று.