கோடைக்கேற்ற எளிய உணவு: சிக்கனமான பாஸ்தா சாலட்

கத்திரி வெயில் நாட்களில் எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் முறையீடு, "சாப்பாடே இறங்கவில்லை" என்பதாகும். நோயாளரின் தட்டைக் கவனிக்கும் உறவினர், பல வேளைகளில் தம் பசியை மறந்திருப்பதையும் நாங்கள் காண்கிறோம். அடுப்பருகே அதிக நேரம் நிற்காமல், குறைந்த செலவில் இருவருக்கும் ஆகும் ஓர் உணவை இங்கே எடுத்துரைக்கிறோம்.

மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண மக்கரோனியே போதும். மைதாவில் செய்ததைவிட ரவையில் செய்ததைத் தேர்ந்தெடுங்கள். மசாலாப் பொட்டலத்துடன் வருவதைத் தவிருங்கள். அதில் உப்பு மிகுதி.

இருவருக்கு 100 கிராம் மக்கரோனி, ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு, இரண்டு கிண்ணம் நறுக்கிய வெள்ளரிக்காய், காரட், தக்காளி ஆகியவை தேவை. கொதிநீரில் உப்பிடாமல் மக்கரோனியை வேகவிட்டு, குழையுமுன் வடித்து, காய்ச்சி ஆறவைத்த நீரில் அலசுங்கள். எலுமிச்சைச் சாறு, இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெய், மிளகுத்தூள், கொத்தமல்லி, கால் தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கலந்தால் உணவு ஆயத்தம். தட்டில் பாதி காய்கறியாகவும், மீதி மக்கரோனியும் பயறுமாகவும் இருக்கட்டும். பயறு புரதம் தருகிறது, செலவையும் குறைக்கிறது.

இவ்வுணவில் நாங்கள் மிகவும் வலியுறுத்துவது நேரக் கணக்கையே. சமைத்த மாவுப் பண்டங்கள் வெளியே கிடந்தால் பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர் அவற்றில் பெருகக்கூடும். அதன் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. அது உண்டாக்கும் வாந்தி நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் நீங்குவதில்லை. எனவே, "கெட்ட வாடை இல்லையே" என்று எண்ணி உண்ணலாகாது. வெப்பம் 32 டிகிரி செல்சியசைக் கடந்த நாளில், வெளியே வைத்த சாலட்டை ஒரு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். இல்லையேல் உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். தொலைவிலிருந்து மருத்துவமனைக்கு உணவு கொண்டுவருவோர் இதைத் தவிர்ப்பது நலம்.

சிலருக்குச் சிறப்புக் கவனம் தேவை. 50 கிராம் உலர்ந்த மக்கரோனியில் ஏறத்தாழ 35 முதல் 40 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆகவே, நீரிழிவு உள்ளவர்கள் அவ்வேளைக்கு இதையே முழு உணவாகக் கொள்ள வேண்டும்; கூடவே சோறோ சப்பாத்தியோ வேண்டாம். சிறுநீரக நோயாளர், பொட்டாசியம் மிகுந்த தக்காளியையும் பயற்றையும் சேர்ப்பதற்கு முன் உணவியல் நிபுணரைக் கேட்க வேண்டும். புற்றுநோய்க்கான மருந்தேற்றத்தால் வெள்ளணுக்கள் குறைந்திருப்போர் பச்சைக் காய்கறிகளைத் தவிர்த்து, வேகவைத்த காய்களைச் சேர்த்துச் சூடாகவே உண்பது பாதுகாப்பானது. கோதுமை ஒவ்வாதோருக்கு இவ்வுணவு ஆகாது.

நோயாளருக்குப் பரிமாறும் வேளையில், கவனித்துக்கொள்பவரும் தமக்கொரு தட்டு எடுத்துவைத்து உடன் அமர்ந்து உண்ணுங்கள். உங்கள் உடல் தளர்ந்தால் அவரைத் தாங்குவோர் யார்? இருவர் நலமும் எங்களுக்கு ஒன்றே.