மூன்றரை சிசியின் சூடு

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். 98 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன். லிட்டர் கணக்குப் போட்டால் 112 குதிரைத்திறன் வரும். நிஜக் காரின் 'எட்டில் ஒரு பங்கு' அளவில் ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார்களில் உள்ள நைட்ரோ இன்ஜினோ வெறும் 3.5 சிசி. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழன்று, 2 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. அதே லிட்டர் கணக்கு இங்கே 570ஐத் தாண்டுகிறது. இதுவும் டூ-ஸ்ட்ரோக்தான். இதிலும் பிஸ்டன், கார்புரேட்டர், கிளட்ச், சைலன்சர் எல்லாம் உண்டு. ஸ்பார்க் பிளக் மட்டும் கிடையாது.

நைட்ரோ கார் வாங்க நினைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஓட்டுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கார் எதிரே வரும்போது இடது வலதாகத் தெரியும் குழப்பமெல்லாம் கொஞ்ச நாளில் கைப்பழக்கமாகிவிடும். லேசில் பிடிபடாமல் இழுத்தடிப்பது இன்ஜினின் சூடு. அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வேண்டும், எப்போது மிஞ்சுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சூட்டின் கதை எரிபொருளில் தொடங்குகிறது. நைட்ரோ கார் பெட்ரோலில் ஓடுவதில்லை. அதன் பாட்டிலில் இருப்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த திரவம். நைட்ரோமீத்தேன் பொதுவாக 10 முதல் 30 சதவீதம் வரை, விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம், மீதி மெத்தனால்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 43 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. நைட்ரோமீத்தேனில் 11 சொச்சம்தான். கால் பங்குதான் என்றால் பந்தயக்காரர்கள் ஏன் இதைத் தேடிப் போகிறார்கள்? காரணம் காற்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேன் மூலக்கூறு தன்னுள்ளேயே இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சுமந்து வருவதால் அதற்கு 1.7 கிலோ காற்று போதும். இன்ஜின் ஒரு சுற்றில் இழுக்கக்கூடிய காற்றுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்தக் காற்றில் பெட்ரோலைப்போல எட்டரை மடங்குக்கும் மேல் நைட்ரோமீத்தேனை எரிக்கலாம். கால் பங்கு ஆற்றலை எட்டரையால் பெருக்கினால் இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. அமெரிக்காவின் 'டாப் ஃப்யூயல்' டிராக் பந்தயக் கார்கள் 90 சதவீத நைட்ரோமீத்தேனில் ஓடுவதும் இந்தக் கணக்கை நம்பித்தான்.

மெத்தனாலின் வேலை வேறு. ஆவியாகும்போது அது பெட்ரோலைவிட மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆக எரிபொருளே குளிர்விப்பானாகவும் இருக்கிறது. எண்ணெயின் வேலை உராய்வைத் தடுப்பது. இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் சம்ப் கிடையாது.

சரி, ஸ்பார்க் பிளக் இல்லாமல் தீ எப்படிப் பற்றுகிறது? இதற்கு 1817க்குப் போக வேண்டும். சுரங்க விளக்கு ஆய்வில் இறங்கியிருந்த ஹம்ஃப்ரி டேவி, சூடாக்கிய பிளாட்டினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த கலவைக்குள் நுழைத்தார். சுடரே இல்லாமல் கம்பி தணலாக ஒளிர்ந்துகொண்டே இருந்தது. சாராய ஆவியிலும் அப்படியே. பிளாட்டினம் தான் கரையாமல் வேதிவினையை மட்டும் தூண்டுகிறது, அந்த வினையின் சூடே கம்பியைத் தணலாக வைத்திருக்கிறது என்ற வினையூக்கக் கதையின் முதல் அத்தியாயம் அது.

அந்தச் சங்கதி 130 ஆண்டுகள் கழித்து விளையாட்டுக்கு வந்தது. அதுவரை இன்ஜினில் ஓடும் மாடல் விமானங்கள் பெரும்பாலும் பேட்டரி, காயில், கண்டென்சர் என்று ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு பறந்தன. 1947ல் அமெரிக்கரான ரே ஆர்டன் பிளாட்டினக் கலவைக் கம்பிச் சுருள் பொருத்திய குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மூட்டை தரையிலேயே நின்றுவிட்டது. இன்றைய கார்களிலும் அதே ஏற்பாடுதான். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் இக்னைட்டரைப் பிளக்கின் தலையில் மாட்டிச் சுருளைச் சூடாக்க வேண்டும். இன்ஜின் பிடித்ததும் அதைக் கழற்றிவிடலாம். பிறகு அழுத்தமும், மெத்தனால்–பிளாட்டினம் வினையும், முந்தைய சுற்றின் மிச்சச் சூடும் சேர்ந்து சுருளைத் தணலாகவே வைத்திருக்கும். நிமிடத்துக்கு 35,000 சுற்று என்றால் வினாடிக்கு 580 தடவைக்கு மேல் எரிகிறது. அந்த வேகத்தில் ஆறிப்போக நேரம் ஏது?

புது இன்ஜினைக் கையால் சுழற்றிப் பார்ப்பவர்கள் முதலில் திடுக்கிடுவது, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடிப்பதைக் கண்டு. கெட்டுப்போன இன்ஜினைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். இந்தப் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டன் அலுமினியக் கலவை. அது ஓடும் உட்குழாய் பித்தளை, உள்ளே குரோம் பூச்சு. அந்தக் குழாய் மேலே போகப் போக மயிரிழை அளவு குறுகும். இன்ஜின் சூடானதும் மேல்பகுதி கூடுதலாக விரிந்து, குழாய் மேலும் கீழும் ஒரே அளவாகிவிடும். அதாவது இந்த இன்ஜின் தன் சரியான வடிவத்துக்கு வருவதே சூடான பிறகுதான். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்வது அதற்குச் சித்திரவதை. அனுபவசாலிகள் தலைமுடி உலர்த்தும் டிரையரால் இன்ஜினின் தலையைக் கொஞ்சநேரம் சூடுகாட்டிவிட்டுத்தான் கயிற்றில் கை வைப்பார்கள்.

புது இன்ஜினைப் பழக்குவதும் இதே காரணத்தால்தான். முதல் சில டேங்க் எரிபொருளை, கலவையில் எரிபொருள் தூக்கலாக வைத்து, விரட்டாமல் ஓட்டச் சொல்லி பெரும்பாலான கம்பெனிக் கையேடுகள் எழுதுகின்றன. ஒவ்வொரு டேங்குக்கும் பிறகு நிறுத்தி நன்றாக ஆறவிட வேண்டும். ஆறும்போது பிஸ்டன் அடியில் இருக்கும்படி ஃபிளைவீலைத் திருப்பிவிட்டு வைப்பது முக்கியம். உச்சியில் நின்றுவிட்டால் குளிர்ந்து குறுகும் குழாய் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துவிடும். பொறுமையில்லாமல் முதல் நாளே முழு வேகம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்ஜினின் ஆயுளில் ஒரு பகுதியை அன்றைக்கே செலவழித்துவிடுகிறார்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. இன்ஜின் பிடிக்கவில்லையே என்று இழுத்துக்கொண்டே இருந்தால் எரிபொருள் உள்ளே தேங்கிவிடும். திரவத்தை அமுக்க முடியாது, கயிறு கல்லாகிவிடும். பலம் காட்டினால் கனெக்டிங் ராடு வளையும், இல்லை கயிறு அறும். குளோ பிளக்கைக் கழற்றி, காரைத் தலைகீழாகப் பிடித்து, நாலு தடவை இழுத்துத் தேங்கியதை வெளியேற்றினால் தீர்ந்தது. அப்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது, பீறிட்டு வரும்.

இனி, எல்லோரும் திண்டாடும் இடம்: ட்யூனிங். கார்புரேட்டரில் பொதுவாக இரண்டு ஊசிகள் உண்டு. ஒன்று முழு வேகத்துக்கு, மற்றது குறைந்த வேகத்துக்கு. கடிகார முள் திசையில் திருகினால் எரிபொருள் குறையும், எதிர்த்திசையில் கூடும். எரிபொருள் கூடினால் கார் மந்தமாகும், திணறும், புகை கக்கும். குறைந்தால்? கார் திடீரென்று சிறகு முளைத்ததுபோல் பறக்கும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஊசியை இன்னும் கொஞ்சம் திருகினால் இன்னும் கொஞ்சம் வேகம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் குறைவது எரிபொருள் மட்டுமல்ல. குளிர்விக்கும் மெத்தனாலும் எண்ணெயும் அதே குழாயில்தான் வருகின்றன. சூடு எகிறும் அதே நேரத்தில் உயவும் குறைகிறது. புகை நிற்கும், இன்ஜின் கீச்சென்று அலறும், சட்டென்று அணையும். சில சமயம் பிஸ்டனும் குழாயும் அத்தோடு காலி.

ஆகவே நைட்ரோ ஓட்டுகிறவர்களின் கண் சைலன்சரின் வாயிலேயே இருக்கும். முழு வேகத்தில் நேராக ஓடும்போது மெல்லிய நீலப்புகைக் கோடு தொடர்ந்து வர வேண்டும். ஊசியைத் திருப்புவதும் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. திருப்பிவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்தது. பிளக்கை ஒட்டிய இடத்தில் சுமார் 100 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பெரும்பாலான இன்ஜின்களுக்குச் சுகம். இதற்கு அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட நெற்றி வெப்பமானி உதவாது, அது மனிதக் காய்ச்சலோடு நின்றுவிடும். கருவி இல்லாதவர்கள் இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். சில வினாடிகளில் கொதித்து ஆவியானால் சரி. பட்டதும் தெறித்து மறைந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

நேற்றைய செட்டிங் இன்றைக்கு ஒத்துவராமல் போவதும் சகஜம். காற்று சூடானால் அடர்த்தி குறையும், ஆக்சிஜன் குறையும். அதே ஊசி நிலையில் எரிபொருள் தூக்கலாகிவிடும். சென்னைக் கத்திரி வெயிலில் ஓட்டிய செட்டிங்கை மார்கழிக் காலையில் ஊட்டியில் வைத்து ஓட்ட முடியாது. குளிருக்கு ஒரு கணக்கு, உயரத்துக்கு எதிர்க்கணக்கு. கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை: மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடியைச் சரியாகத் திருகாத பாட்டில் சில நாளில் கெட்டுவிடும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சத்தை எரித்துத் தீர்த்து, இன்ஜினுக்குள் சில சொட்டுப் பாதுகாப்பு எண்ணெய் விட்டுச் சுழற்றி வைக்காவிட்டால் பேரிங்குகள் துருப்பிடிக்கும்.

ரேடியோ பக்கம் ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். பேட்டரி கார் சிக்னலை இழந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நைட்ரோ காரில் ஆக்சிலரேட்டரை இயக்குவது சர்வோ மோட்டார். ரிசீவர் பேட்டரி செத்தால் சர்வோ இருந்த இடத்திலேயே நிற்கும், இன்ஜின் பாட்டுக்கு ஓடும். முழு வேகத்தில் இரண்டு மூன்று கிலோ இரும்பும் பிளாஸ்டிக்கும் யார் காலில் மோதும் என்று சொல்ல முடியாது. சிக்னல் போனாலோ பேட்டரி இறங்கத் தொடங்கினாலோ தானாக பிரேக் போடும் 'ஃபெயில்-சேஃப்' வசதியைச் சரிபார்க்காமல் காரைத் தரையில் வைக்கக் கூடாது. ரிமோட்டை முதலில் ஆன் செய்து கடைசியில் ஆஃப் செய்யும் வழக்கமும் இதற்காகத்தான்.

எரிபொருளின் ஆபத்தைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் ஆவி வழியாகவும் உடலில் ஏறும். கையுறை அவசியம், திறந்த வெளி அவசியம், பாட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் இருப்பது அவசியம். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பது இன்னொன்று. 1981 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் எரிபொருள் நிரப்பும்போது ரிக் மியர்ஸ் மீது தீப்பற்றியது. அவர் எரிந்துகொண்டிருப்பது சுற்றி இருந்தவர்களுக்கு உடனே புரியவில்லை. நைட்ரோமீத்தேனும் சாதுவல்ல. 1958ல் அமெரிக்காவில் அதை ஏற்றிய ரயில் டாங்கர்கள் இரண்டு, வெவ்வேறு இடங்களில் வெடித்தன. ஐரோப்பிய ஒன்றியம் வெடிபொருள் மூலப்பொருள் பட்டியலில் அதைச் சேர்த்து, 2021 பிப்ரவரி முதல் 16 சதவீதத்துக்கு மேல் உள்ள கலவையைப் பொதுமக்கள் விருப்பம்போல் வாங்க முடியாதபடி செய்துவிட்டது.

இவ்வளவு தொந்தரவும் ஒரு காலத்தில் காரைத் தாங்களே கட்டிமுடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 1999ல் டெக்சாஸைச் சேர்ந்த டிராக்சாஸ் கம்பெனி 'டி-மேக்ஸ்' என்ற நைட்ரோ மான்ஸ்டர் டிரக்கைப் பெட்டியைத் திறந்ததும் ஓட்டும்படி விற்றது. ரிவர்ஸ் கியரும் இருந்தது. புதியவர்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தார்கள். பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வந்த பிறகு அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி மின்சாரக் கார் பக்கம் போய்விட்டது. அதில் தப்பும் இல்லை. வேகம் மட்டும் வேண்டுமென்றால் மின்சாரக் கார் மலிவு, சுத்தம், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வர மாட்டார்கள். நைட்ரோ இன்னும் கெத்தாக நிற்கும் இடம் எட்டில் ஒரு பங்கு அளவிலான 'பக்கி' ரகக் கார்ப் பந்தயங்கள். 125 மில்லி டேங்க், ஒரு மணி நேர இறுதிச்சுற்று. பத்து நிமிட வாக்கில் தீர்ந்துவிடும் டேங்கை நிரப்ப, மெக்கானிக் ஓடிவந்து காரைத் தூக்கி ஓரிரு வினாடியில் வேலையை முடித்துத் திரும்பத் தடத்தில் விடும் அழகை மின்சாரப் பந்தயத்தில் பார்க்க முடியாது.

இந்த நாற்றமும் சத்தமும் பிடித்துப்போனவர்கள் முதல் காராகப் பத்தில் ஒரு பங்கு அல்லது எட்டில் ஒரு பங்கு அளவில், முழுதாகப் பூட்டி வரும் ரகத்தை வாங்கலாம். பிளக் இரண்டு, மூன்று கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும், அது தேய்ந்து அறும் பொருள். காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சை எண்ணெயில் நனைத்து வைக்க வேண்டும். 30,000 சுற்றில் உள்ளே போகும் ஒரு சிட்டிகைப் புழுதி உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். அந்தக் காரணத்துக்காகவே மெரினா மணல் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளூரில் எரிபொருள் முறையாகக் கிடைக்குமா, உதிரிபாகம் யார் விற்கிறார்கள் என்று விசாரித்துவிட வேண்டும். தீப்பற்றும் திரவத்தை விமானப் பையில் கொண்டுவர முடியாது. மெத்தனாலுக்கு இங்கே கட்டுப்பாடுகள் கடுமை. எரிபொருளுக்கு வழி தெரிந்த பிறகு காருக்குப் பணம் கட்டலாம்.