உங்களுக்குத் தெரியுமா? ஒரு மலை, ரெண்டு சர்க்கார்

சின்னமனூரில் குமுளி பஸ் ஏறினால் உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று போய், மலையேறி இறக்கிவிடும். பஸ் நிற்கிற இடம் தமிழ்நாடு. நாலு எட்டு வைத்தால் கேரளா. கடை போர்டு மாறும். டீயின் கடுப்பம் மாறும். ரேஷன், கூலி, பஞ்சாயத்து, கள்ளு, லாட்டரி எல்லாமே அந்த நாலு எட்டில் மாறிவிடும். இந்த வாரத் துணுக்குகள் அந்த நாலு எட்டைப் பற்றி. 1991இல் சோவியத் யூனியன் பதினைந்தாகப் பிரிந்தபோது நடுவில் கோடு விழுந்த ஓர் ஊரும் கூடவே வருகிறது.

★

அந்த ஊரின் பெயர் வல்கா. பாதி எஸ்தோனியாவில், பாதி லாத்வியாவில். எஸ்தோனியாக்காரர்கள் ‘அங்கம்’ என்பதில் வருகிற மாதிரி ‘க’வை மென்மையாகச் சொல்வார்கள். லாத்வியாக்காரர்கள் ‘பக்கம்’ என்பதில் வருகிற மாதிரி அழுத்துவார்கள். இரண்டு நாட்டு வரைபடத்திலும் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் வல்காதான். அவர்களால் முடியாததை நம் நெடுங்கணக்கு செய்துவிட்டது.

★

ஊர் யாருக்கு என்று 1920இல் சண்டை வந்தபோது இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்டீபன் டாலண்ட்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வந்து ஊருக்கு நடுவே கோடு போட்டார். சோவியத் காலத்தில் அந்தக் கோடு காகிதத்தில் மட்டும் இருந்தது. 1991இல் சாவடியும் பாஸ்போர்ட் முத்திரையுமாகத் திரும்பி வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போக வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2007 டிசம்பர் 21ஆம் தேதி இரண்டு நாடுகளும் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்ததும் சாவடிகளைத் தூக்கிவிட்டார்கள். இப்போது எல்லையில் ஓர் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். ஆடினால் ஒரு வீச்சு எஸ்தோனியா, மறு வீச்சு லாத்வியா.

நம் கோடு அதைவிட வயதில் மூத்தது. சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் நடுவே இருந்த மலை எல்லை அது. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலம் பிரித்தபோது, தமிழர் மிகுதியாக இருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் இங்கே வந்தன.

★

முல்லைப் பெரியாறு அணை நிற்கும் மண்ணுக்கு நாம் வாடகை கொடுக்கிறோம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1886 ஒப்பந்தப்படி 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1970இல் ஏக்கருக்கு 30 ரூபாய் என்று ஏற்றினார்கள். அந்தத் தண்ணீரில் லோயர் கேம்பில் எடுக்கிற மின்சாரத்துக்குத் தனிக் காசு. குத்தகைக் காலம் 999 வருஷம். முடிவதற்குள் 29ஆம் நூற்றாண்டு வந்துவிடும். கையெழுத்துப் போட்ட சமஸ்தானமும் இல்லை, பிரிட்டிஷ் சர்க்காரும் இல்லை, பத்திரம் மட்டும் உயிரோடிருக்கிறது. அணை இருப்பது இடுக்கியில், இயக்குவது தமிழக நீர்வளத் துறைப் பொறியாளர்கள். அணைக்குப் போக அவர்கள் தேக்கடியில் படகு ஏற வேண்டும். நீர்மட்டம் 142 அடி வரை என்று 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் வழக்கு ஓயவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல் அந்த அணையின் ஷட்டரை நம்பித்தான் நாற்றுப் பாவுகிறது.

அந்நியர் மண்ணில் வாடகைக்கு வேலை பார்ப்பது நாம் மட்டும் இல்லை. உலகின் முதல் விண்வெளி வீரர் யூரி ககாரின் கிளம்பிய பைக்கனூர் ஏவுதளம் சோவியத் உடைந்ததும் கசகஸ்தான் மண்ணாகிப் போனது. ரஷ்யா அதற்கு வருஷம் 11.5 கோடி டாலர் வாடகை கட்டுகிறது, 2050 வரை. நம் வாடகையைப் பார்த்தால் அணையைக் கட்டிய பென்னிகுக் காலத்து ஆட்கள் பேரத்தில் கெட்டிக்காரர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கேரளத்துக்காரர்கள் இதே வரியை வேறு தொனியில் வாசிப்பார்கள்.

★

விடிகாலை ஐந்து மணிக்குக் கம்பத்திலோ போடியிலோ நின்று பாருங்கள். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினைந்து பேர். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி, மழைக்கு மடித்த பிளாஸ்டிக் சாக்கு. கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறியோ ஏலத் தோட்டத்துக்குப் போகிறார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது, தூரில் சரம் விட்டுக் காய்க்கும். ஆகவே நாள் முழுக்கக் குத்தவைத்தபடியே நகர்ந்து நகர்ந்து பழம் எடுக்க வேண்டும். சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது முதல் பத்தடி யாருக்கும் முதுகு நிமிராது.

ஏன் மலையேறுகிறார்கள்? 2022–23இல் கேரளக் கிராமங்களில் ஆண்களுக்கான விவசாயக் கூலியின் சராசரி நாளொன்றுக்கு 764 ரூபாய் என்கிறது ரிசர்வ் வங்கிக் கையேடு. இந்தியச் சராசரி 345தான். நூறு நாள் வேலையிலும் 2025–26க்குக் கேரளத்தில் 369, தமிழகத்தில் 336. கங்காணி கையில் பட்டுவாடா ஆகும்போது 764 வருமா என்று ஜீப்பில் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே கிடைப்பதைவிட அதிகம் என்பது மட்டும் நிச்சயம்.

வல்காவிலும் இதே கதை, ஜீப் மட்டும் கிடையாது. எஸ்தோனியாவில் சம்பளம் கூடுதல் என்பதால் லாத்வியப் பக்கத்து ஆட்கள் தெரு தாண்டி வேலைக்குப் போவார்கள். சிலர் முகவரியையே அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள்.

★

கூலி அங்கிருந்து இறங்குகிறது, அரிசி இங்கிருந்து ஏறுகிறது. 1997இல் மத்திய அரசு ஏழை, ஏழை அல்லாதவர் என்று ரேஷனைப் பிரித்தபோது தமிழகம் பிரிக்க மறுத்து எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசும் இல்லை. கேரளத்தில் ஒரு காலத்தில் ரேஷன் என்றால் ஊரே வரிசையில் நிற்கும். இப்போது மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என நான்கு நிறக் கார்டு. வெள்ளைக் கார்டுக்காரர் கிலோவுக்கு 10 ரூபாய் 90 காசு கொடுக்க வேண்டும். கீழே சும்மா கிடைப்பது மேலே காசாகும் என்றால் என்ன நடக்கும்? ரேஷன் அரிசி மூட்டையோடு வண்டி பிடிபட்ட செய்தி எங்கள் பக்கத்துப் பதிப்பில் வராத மாதம் அரிது.

★

கள் தமிழகத்தில் 1987 முதல் தடை. குமுளி தாண்டினால் கள்ளுக்கடையில் கப்பைக் கிழங்கும் மீனும் தட்டில் வரும். லாட்டரி தமிழகத்தில் 2003 முதல் இல்லை. கேரள அரசு 1967 முதல் தானே நடத்துகிறது. குமுளி லாட்டரிக் கடையில் கட்டு நம்பர் எல்லாம் தமிழில்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

எஸ்தோனியா 2017இல் பீருக்கு வரியை ஏற்றியது. உடனே லாத்விய வல்காவில் மதுக்கடைகள் முளைத்தன. எஸ்தோனியர்கள் காரில் வந்து பெட்டி பெட்டியாக ஏற்றிப் போனார்கள். 2019இல் எஸ்தோனியா வரியைக் கால்வாசி குறைத்தது. எல்லையோரத்துக்காரன் ஒரு சர்க்காரின் வரிக் கொள்கையைத் திருத்தும் வேகம் சட்டமன்றத்துக்குக்கூட வராது.

★

பஞ்சாயத்து என்ற ஒரே சொல்லுக்கு மலைக்கு இரு பக்கமும் பொருள் வேறு. தமிழகத்தில் சுமார் பன்னிரண்டரை ஆயிரம் கிராம ஊராட்சிகள். சராசரியாகப் பார்த்தால் ஒன்றுக்கு மூவாயிரம் பேர். கேரளத்தில் 941, ஒன்றுக்கு இருபதாயிரத்துக்கு மேல். நாற்பதாயிரம் சொச்சம் பேர் இருக்கும் சின்னமனூர் நகராட்சியில் பாதி அளவு ஒரு கேரளப் பஞ்சாயத்து. 1996இல் அங்கே மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிக்கே ஒதுக்கினார்கள்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது தேர்தல். கேரளத்தில் 2015, 2020, 2025 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது. எங்கள் நகராட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கும் மேலாகச் சாக்கடை அடைத்தால் சொல்வதற்குக் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான். எங்கள் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகளும் 2025 ஜனவரியில் அதே மாதிரி தனி அலுவலர் கைக்குப் போயின.

எஸ்தோனியா இணையத்தில் ஓட்டுப்போட ஆரம்பித்தது 2005இல், அதுவும் உள்ளாட்சித் தேர்தலில். 2017இல் 213 உள்ளாட்சிகளை 79 ஆகச் சேர்த்தது. லாத்வியா 2021இல் 119ஐ நாற்பதுக்குச் சற்று மேல் என்று சுருக்கியது. நாம் இன்னும் பன்னிரண்டாயிரத்தில் இருக்கிறோம். கூப்பிட்டால் தலைவர் வாசலுக்கு வருவார் என்பது சின்ன ஊராட்சியின் லாபம். அவர் கையில் காசு இருக்காது என்பது நட்டம்.

★

சோவியத் போனதும் எஸ்தோனியாவிலும் லாத்வியாவிலும் லட்சக்கணக்கான ரஷ்ய மொழிக்காரர்கள் எந்த நாட்டுக் குடிமக்களாகவும் இல்லாமல் நின்றார்கள். எஸ்தோனியா நெடுங்காலம் அவர்களுக்கு உள்ளாட்சி ஓட்டு மட்டும் கொடுத்தது. லாத்வியா அதையும் கொடுக்கவில்லை. எங்கள் மலையில் புகார் தலைகீழ்: தோட்டத்தில் ஒரு ஓட்டு, சொந்த ஊரில் ஒரு ஓட்டு என்று ஒரே ஆளுக்கு இரண்டு இருக்கிறது என்பார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்துக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26. அந்த ஒரு வாரமும் எல்லோர் கண்ணும் ஆள்காட்டி விரல் மையில்தான்.

★

2011 கணக்குப்படி எழுத்தறிவு தேனியில் 77 சதவீதம், இடுக்கியில் 92. ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் 2020இல் கேரளத்தில் 6, தமிழகத்தில் 13, இந்தியாவில் 28. எண்ணைப் பார்த்தால் மேலே சொர்க்கம். அதே இடுக்கியில், 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாங்களே ரோட்டில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர். அப்போது நாள் கூலி 232 ரூபாய். பிறகு 301 ஆனது. கேரளச் சராசரி தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டுக்குள் போகும்போது குனிந்துதான் போகிறது.

★

இடுக்கியில் ரயில் கிடையாது. ஒரு காலத்தில் மூணாறில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடியது. 1924 வெள்ளம் தண்டவாளத்தையே அடித்துப் போய்விட்டது. அன்றைக்குத் தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாக நம் குரங்கணிப் பக்கம் இறங்கிப் போடிக்கு வரும். போடி ரயிலும் 2010 கடைசியில் நின்றது. அகலப் பாதையாகித் திரும்பி வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டரை வருஷம்!

★

அரிக்கொம்பன் யானையை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஏப்ரல் 29இல் சின்னக்கானலில் பிடித்து, கேரள வனத்துறை கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டது. அது மேகமலைக்கு வந்து, மே 27இல் கம்பம் தெருவில் நடந்தது. நகரத்துக்கு 144 தடை உத்தரவு. இருக்கிற இடத்தைச் சொன்னது கேரளத்தின் காலர், ஜூன் 5 அதிகாலையில் மயக்க ஊசி போட்டது தமிழக வனத்துறை. முண்டந்துறைக் காட்டுக்கு லாரியில் போகும்போது எங்கள் ஊர் முழுக்கத் தூங்காமல் இருந்தது.

★

ஏலக்காயில் உசத்தி ரகத்துக்கு வியாபாரப் பெயர் ‘ஆலப்பி கிரீன்’. ஆனால் விளைவது ஆலப்புழையில் இல்லை, இடுக்கி மலையில். எடுக்கிற கை பெரும்பாலும் கம்பம், போடி, தேவாரம் பக்கத்துக் கை. ஸ்பைசஸ் போர்டு கணினி ஏலம் மேலே புற்றடியிலும் கீழே போடியிலும் நடக்கும். மேலே ஏலம் என்றால் போடி வியாபாரி விடிகாலையில் மலையேறுவார். கொண்டை ஊசி வளைவில் அவர் காருக்கு முன்னால் ஆள் ஜீப் போய்க்கொண்டிருக்கும்.