வெயிட் குறைக்க மோட்டிவேஷன் வேணுமா? காசை எங்கே வைக்கணும்னு பாருங்க

2022 ஏப்ரல்ல ஜெரோதா கம்பெனியோட நிதின் காமத் ஒரு அறிவிப்பு விட்டார். நம்மில் பாதிப் பேர் டீமேட் அக்கவுண்ட் வெச்சிருக்கிற அதே ஜெரோதாதான். பிஎம்ஐ 25-க்குக் கீழ இருக்கிற ஊழியர்களுக்கு அரை மாசச் சம்பளம் போனஸ். டீமோட சராசரி பிஎம்ஐ அப்போ 25.3. ஆகஸ்ட் மாசத்துக்குள்ள அது 24-க்குக் கீழ வந்துட்டா எல்லாருக்கும் இன்னொரு அரை மாசச் சம்பளம்.

சோஷியல் மீடியாவுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். நியாயமான கேள்விகளும் இருந்தது. பிஎம்ஐ-ங்கிறது உயரத்தையும் எடையையும் வெச்சுப் போடுற கணக்கு மட்டும்தான். தசை எவ்வளவு, தொப்பை எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. அதை விடுங்க, ஒரு காசுக் கணக்காவே பாருங்க. பிறவியிலேயே ஒல்லியா இருக்கிறவர் ஒண்ணுமே செய்யாம போனஸ் வாங்கிடுவார். 95 கிலோவுல இருந்து கஷ்டப்பட்டு 85-க்கு வந்தவருக்கு, பிஎம்ஐ இன்னும் 25-க்கு மேல இருந்தா, ஒண்ணும் கிடைக்காது.

அதே வருஷம் செப்டம்பர்ல புதுசா ஒரு சேலஞ்ச் வந்தது. விருப்பம் இருந்தா சேரலாம். தினமும் குறைஞ்சது 350 கலோரி செலவாகிற மாதிரி ஏதாவது உடற்பயிற்சி. ஒரு வருஷத்துல 90% நாள் அதை முடிச்சவங்களுக்கு ஒரு மாசச் சம்பளம் போனஸ். குலுக்கல்ல ஒருத்தருக்கு 10 லட்சம். அஞ்சே மாசத்துல காசு இடம் மாறிடுச்சு பாருங்க. முன்னாடி எடை மெஷின்ல தெரியுற நம்பர் மேல இருந்தது, இப்போ இன்னைக்கு நாம செய்யுற வேலை மேல இருக்கு. இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றதும் இதேதான். போன வாரம் மார்க்கெட் எவ்வளவு ஏறணும்னு நீங்க முடிவு பண்ண முடியாது, 5-ஆம் தேதி எஸ்ஐபி போறதை மட்டும்தான் முடிவு பண்ண முடியும். எடையும் அப்படித்தான்.

காசு கொடுத்தா எடை குறையுமா?

குறையும். அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல 57 பேரை வெச்சு இதைச் சோதிச்சுப் பார்த்து, 2008-ல 'ஜாமா' மருத்துவ இதழ்ல எழுதினாங்க. 16 வாரத்துல 16 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ குறைக்கணும். ஒரு குழுவுக்கு எடை பார்க்கிறதோட சரி. ரெண்டாவது குழுவுக்கு, இலக்கை எட்டின நாள்ல லாட்டரி. மூணாவது குழு தங்களோட சொந்தக் காசை நாளுக்கு 3 டாலர் வரைக்கும் டெபாசிட் பண்ணணும். இலக்கை எட்டினா அந்தக் காசு திரும்பி வரும், மேல கொஞ்சம் சேர்த்தும் கிடைக்கும். எட்டலைன்னா போச்சு.

டெபாசிட் கட்டினவங்க சராசரியா 14 பவுண்டு குறைச்சாங்க. லாட்டரிக் குழு 13.1. சும்மா எடை பார்த்தவங்க 3.9 பவுண்டு மட்டும்தான். அடேங்கப்பான்னு தோணுதில்ல? ஏழாவது மாசம் திரும்ப வரச் சொல்லி எடை பார்த்தாங்க. அப்போ காசு நின்னு போயிருந்தது. டெபாசிட் குழு குறைச்சதுல பாதிக்கு மேல திரும்பி வந்துடுச்சு. மத்த குழுவுக்கும் இவங்களுக்கும் உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்லை.

ஆரம்பிக்கிறதுக்குக் காசு நல்லா உதவுது. தொடர்றதுக்கு அது மட்டும் போதலை.

காசு எந்த ரூபத்துல வருதுங்கிறதும் முக்கியம். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்புல வேலை செய்யுறவங்ககிட்ட இன்னொரு சோதனை. 5% எடை குறைச்சா அடுத்த வருஷ ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துல 550 டாலர் தள்ளுபடி. 2016-ல வெளியான முடிவு: எந்தக் குழுவுமே சொல்லிக்கிற மாதிரி குறைக்கலை. ஆச்சரியமே இல்லை. நம்ம பேஸ்லிப்ல எத்தனை பிடித்தம் இருக்கு, எத்தனை பேர் மாசாமாசம் அதைப் பார்க்கிறோம்? அடுத்த வருஷம், மாசாமாசம் கொஞ்சமா, கண்ணுல படாம வர்ற காசு இன்னைக்கு ராத்திரி வர்ற பிரியாணி ஆர்டரை நிறுத்தாது.

அதே பல்கலைக்கழகத்துல 281 பேரை வெச்சு நடந்த நடைச் சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. தினம் 7,000 ஸ்டெப். நடந்தா 1.40 டாலர் தர்றேன்னு ஒரு குழுவுக்குச் சொன்னாங்க. இன்னொரு குழுவுக்கு மாசத் தொடக்கத்துலயே 42 டாலரைக் கணக்குல போட்டுட்டு, நடக்காத நாளுக்கு 1.40 எடுத்துடுவோம்னு சொன்னாங்க. கணக்குப்படி ரெண்டும் ஒண்ணுதான். ஆனா காசு பறிபோகுதுன்னு சொன்ன குழு 45% நாள் இலக்கை எட்டுச்சு; தர்றேன்னு சொன்ன குழு 35%; காசே இல்லாதவங்க 30%. கைக்கு வந்த காசு போறதுதான் வலிக்குது. ஷேர் நஷ்டத்துல இருக்கும்போது விற்க மனசு வராம உட்கார்ந்திருக்கீங்களே, அதே குணம்தான். இங்கே மட்டும் அது நமக்கு உதவுது.

"அப்போ ஜிம்முக்கு ஒரு வருஷ ஃபீஸ் மொத்தமா கட்டிடறேன், காசு போகுதேன்னு போவேன்"னு நினைக்கிறவங்களுக்கு: அந்தக் காசு கட்டின அன்னைக்கே போயிடுச்சு. நாளைக்குப் போகாம இருந்தா புதுசா எதுவும் போறதில்லை, அதனால வலிக்காது. அமெரிக்காவுல மூணு ஜிம்களோட வருகைப் பதிவை டெல்லாவிக்னா, மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தாங்க. மாசம் 70 டாலருக்கு மேல கட்டினவங்க சராசரியா 4.3 தடவைதான் வந்திருக்காங்க. ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல ஆகுது. 10 டாலருக்கு ஒரு தடவைங்கிற பாஸ் அதே ஜிம்ல இருந்தது!

தொண்டூர்ல இருந்து பஸ் ஏறுறவங்களுக்கு

சரி, பெங்களூரு, அமெரிக்காக் கதை எல்லாம் கேட்டாச்சு. தொண்டூர்லயோ செஞ்சியிலயோ வீடு, திண்டிவனத்துலயோ செய்யாறு சிப்காட்லயோ வேலை. போனஸ் போடுற முதலாளி கிடையாது. என்ன பண்றது?

நீங்களும் ஒரு ஃப்ரெண்டும் ஆளுக்கு 3,000 ரூபாயை மூணாவது ஆள்கிட்ட முன்கூட்டியே கொடுத்துடுங்க. 10 வாரம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 50 நாள். நடக்காத ஒவ்வொரு நாளுக்கும் 60 ரூபாய் காலி. வாரத்துல ரெண்டு நாள் லீவு கொடுத்தாச்சு. நைட் ஷிஃப்ட், காய்ச்சல், சொந்தக்காரங்க கல்யாணம் எல்லாம் அதுக்குள்ளேயே அடங்கணும். 3,000 உங்களுக்குச் சில்லறைன்னா தொகையை ஏத்துங்க, வலிக்கணும். ஆனா கடன் வாங்கியோ, எமர்ஜென்சி ஃபண்டுல கை வெச்சோ கட்டாதீங்க.

பணயம் நடந்த நாள் மேலதான், எடை மேல இல்லை. முந்தின நாள் உப்பு தூக்கலா சாப்பிட்டாலே மறுநாள் மெஷின் ஒரு கிலோ கூடக் காட்டும். எடை மேல காசு வெச்சா கடைசி வாரம் பட்டினி கிடக்கத் தோணும். செஞ்சி பக்கத்துல திருநாதர்குன்றுல, 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்திங்கிற சமண ஆசிரியரைப் பத்திக் கல்வெட்டே இருக்கு. அது துறவிகளோட பாதை. நமக்குத் திங்கட்கிழமை ஷிஃப்ட் இருக்கு.

எங்கே நடக்கிறது? தினமும் யோசிக்க வேண்டிய இடமா இருக்கக் கூடாது. தொண்டூர்ல சமணர் படுக்கை இருக்கிற பாறை வரைக்கும் போய்த் திரும்பி வர்றதுன்னு வெச்சுக்கோங்க. போன் இல்லாமலே எல்லை தெரியும். சென்னையில ரூம் எடுத்துத் தங்கியிருந்தா பெசன்ட் நகர் 8 கிலோமீட்டர் நடைபாதை இருக்கு. 2023 நவம்பர்ல 38 மாவட்டத்துலயும் இப்படி ஒரு பாதையை அரசு தொடங்குச்சு. அப்போ சுகாதாரத் துறை அமைச்சரா இருந்த மா. சுப்பிரமணியன், விபத்துல அடிபட்ட முழங்காலோடயும் சர்க்கரையோடயும் 100-க்கு மேல ஹாஃப் மாரத்தான் ஓடினவர். செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. 2025-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. ஆனா முதல் வாரமே அதுல ஏறி, முழங்கால் வலியோட ஒரு மாசம் படுக்காதீங்க. அது அஞ்சாறு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமைக்கு இருக்கட்டும்.

அரை மணி நேர நடைக்குச் செலவாகிறது ஏறக்குறைய 150 கலோரிதான். முடிச்சுட்டு பஸ் ஸ்டாண்ட் கடையில ரெண்டு வடை, சர்க்கரை தூக்கலா ஒரு டீ குடிச்சா, செலவழிச்சதை விடக் கூடவே உள்ள போயிடும். அதனால சாப்பாட்டுலயும் ஒரே ஒரு விஷயத்தை எடுங்க. மாலை வடையா, ராத்திரி பரோட்டாவா, ஏதாவது ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்துறவங்க பத்தாவது நாள் எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிக்கிறாங்க.

ஏன் 10 வாரம்? 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு சொல்றதை நம்பாதீங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரைப் பார்த்ததுல, ஒரு செயல் தானா வர்ற பழக்கமாக நடுவாந்திரமா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்னு கணிச்சாங்க. அதே ஆய்வுல இன்னொரு நல்ல செய்தி: நடுவுல ஒரு நாள் விட்டதால பெரிய பாதிப்பு இல்லை. அதனால 60 ரூபாய் போன அன்னைக்கு "எல்லாம் போச்சு"ன்னு விட்டுடாதீங்க, போனது 60 ரூபாய் மட்டும்தான்.

தமிழ்நாட்டுல 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி பெண்கள்ல 40.4%, ஆண்கள்ல 37% பேர் பிஎம்ஐ 25-க்கு மேல. இந்தியர்களுக்கு 23-லயே கவனிக்கணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினா டெய்லர் டேப்பே போதும், தெரிஞ்சிடும். சர்க்கரை வந்ததுக்கு அப்புறம் ஹெல்த் பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம். அதனால நடக்க ஆரம்பிக்கிற அதே மாசம் பாலிசியையும் எடுங்க. உடம்பை நல்லா வெச்சிருக்கிறவங்களுக்கும்தான் சொல்றேன். 2024 தொடக்கத்துல நிதின் காமத்துக்கே லேசான பக்கவாதம் வந்தது. தூக்கக் குறைவு, அதிகப்படியான உடற்பயிற்சியும் காரணமா இருந்திருக்கலாம்னு அவரே எழுதினார்.

கடைசியா, தோத்த காசு எங்கே போகணும்? ஃப்ரெண்டுக்குப் போனா ட்ரீட்டாத் திரும்பி வந்துடும். அநாதை இல்லத்துக்குன்னா, "நல்ல காரியத்துக்குத்தானே"ன்னு மனசு சமாதானம் சொல்லிடும். யேல் பல்கலைக்கழகப் பொருளாதார நிபுணர்கள் தொடங்கின 'ஸ்டிக்' தளத்துல, உங்களுக்குச் சுத்தமாப் பிடிக்காத அமைப்புக்குக் காசு போற மாதிரி ஒரு வசதியே இருக்கு. அதையே நம்ம ஊர் வழக்கத்துல செய்யலாம்: உங்களுக்கு ஆகவே ஆகாத நடிகரோட அடுத்த பட ரிலீஸ் பேனருக்கு நன்கொடை, கீழ உங்க பேரும் போட்டோவும்.