கார் சத்தம் சொல்லும் சேதி

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான நகரம். இங்கே கியர் தானாக மாறும் கார்களும் ஓடுகின்றன. சில கார்களின் அடியில் 'டங்' என்று சத்தம் கேட்கும். சத்தம் எப்போது வருகிறது? அதைக் கவனித்தால் காரணம் தெரியும்.

கியர் போட்டவுடன் கார் குலுங்கி 'டங்' என்கிறதா? என்ஜினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம். அதை 'மவுண்டிங்' என்பார்கள். கியர் ஆயிலும் குறைந்திருக்கலாம்.

பொன்முடி மலைச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே திரும்பும்போது 'டக் டக்' என்கிறதா? சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் மூட்டு தேய்ந்திருக்கலாம். மூட்டின் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மண் உள்ளே போகும். மூட்டு கெடும்.

மேட்டில் நிறுத்திய காரை எடுக்கும்போது மட்டும் சத்தமா? 'பி' என்பது கியரைப் பூட்டும் நிலை. காரின் பாரம் அந்தப் பூட்டின் மேல் விழுந்திருக்கும். பிரேக்கை மிதித்தபடி முதலில் கைபிரேக் போட வேண்டும். பிறகுதான் 'பி'.

ஆக்சில் உடைந்தால் 'பி' பூட்டு காரைப் பிடிக்காது. கார் சரிவில் உருண்டுவிடும். உயிருக்கே ஆபத்து. ஆகவே சத்தம் கேட்டவுடன் மெக்கானிக்கிடம் போக வேண்டும். சத்தம் எப்போது வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.