கல்லைத் தடுக்கும் புரதமும் கல்லினுள் உறையும் புரதமும்

சிறுநீரகக் கல்லொன்றின் உப்புக்களை முற்றும் கரைத்து நீக்கினாலும் கல் அடியோடு மறைந்துவிடுவதில்லை. அதன் உருவத்தையே ஒத்த மெல்லிய சக்கை ஒன்று எஞ்சுகிறது. கல்லின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 பங்கேயான இச்சக்கையின் பெரும்பகுதி புரதமாகும்.

கற்களுள் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பால் ஆனவை. நோயற்றவரின் சிறுநீரிலும் இவ்வுப்பு கரையக்கூடிய அளவிற்கு மேலாகவே பல வேளைகளில் காணப்படுகிறது. முற்றிய பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு அதனைப் பற்றி வளரும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். அங்ஙனமாயின், எல்லோருக்கும் கல் உண்டாகாதது ஏன்? சிறுநீரிலுள்ள சிட்ரேட்டும் மக்னீசியமும், அவற்றோடு சில புரதங்களும், படிகங்கள் வளர்வதையும் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் தடுக்கின்றன.

இப்புரதங்களுள் ஒன்றை 1950-ஆம் ஆண்டில், நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் டாம், ஹார்ஸ்பால் என்னும் இருவர் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தனர். அவர்கள் ஆராய்ந்ததோ இன்புளுயென்சா நச்சுயிரை, கல்லைப் பற்றியன்று! யூரோமாடுலின் என இந்நாளில் வழங்கும் இப்புரதம் உணவிலிருந்து வருவதன்று. சிறுநீரகமே இதனை ஆக்குகிறது. இதனை ஆக்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளின் சிறுநீரகத்தில் கால்சியப் படிகங்கள் தோன்றியதை 2004-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

காவலன் எனத்தக்க இப்புரதமே கல்லின் சக்கையிலும் காணப்படுவது வியப்புக்குரியது. சிறுநீரில் உப்பும் கால்சியமும் மிகுந்து, அமிலத்தன்மையும் ஏறும்போது, இதன் மூலக்கூறுகள் தம்முள் திரண்டு தடுப்பாற்றலை இழக்கின்றன. படிகங்களை ஒட்டவைக்கும் பசையாகவும் மாறக்கூடும். எலும்பிலும் காணப்படும் ஆஸ்டியோபான்டின் என்ற மற்றொரு புரதமும் இவ்வாறே தடுப்பானாகவும் கல்லின் உறுப்பாகவும் விளங்குகிறது. சக்கைப் புரதம் கல்லுக்கு வித்தா, தடுக்க வந்து அகப்பட்டுக்கொண்டதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

‘கல்லில் புரதம் உண்டு’ எனக் கேட்டோர் பருப்பையும், ‘கால்சியம் உண்டு’ எனக் கேட்டோர் பாலையும் விலக்குதல் தகாது; களப்பணியாளர் இதனை வற்புறுத்திக் கூறவேண்டும். மிகுதியாக உண்ணும் இறைச்சியே சிறுநீரில் கால்சியத்தையும் அமிலத்தையும் கூட்டிச் சிட்ரேட்டைக் குறைக்கிறது. நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியுமாறு தண்ணீர் பருகுவது முதற்கடமை. கல் மீண்டும் மீண்டும் தோன்றிய 120 ஆடவரை இத்தாலியில் 5 ஆண்டுகள் கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பிற்று. கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே திரும்பிற்று. பாலிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பற்றி மலத்தோடு வெளியேற்றுகிறது. பாலை நிறுத்தினால் அவ்வாக்சலேட் தடையின்றி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைகிறது.